முதுகுத்தண்டில் அடிபட்டவரை வீட்டுக்கு அழைத்து வந்தபின்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இதை எழுதுகிறவன் மருத்துவன் அல்லன். சோழவந்தான் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன தம்பியைப் பார்த்துக்கொள்கிற அண்ணன். எங்கள் வட்டாரத்தில் இந்தக் காயம் எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: மரம், கிணறு, கட்டடச் சாரம், நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனம். வந்தபின் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. டாக்டர் ஒரு துண்டு, நர்ஸ் ஒரு துண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு துண்டு என்று கிடைக்கும். அவற்றைச் சேர்த்து அடுக்கித் தருகிறேன்.

வீட்டில் எல்லோரும் “எப்போது நடப்பார்?” என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். தோல், சிறுநீர், மலம், மனம் ஆகிய நான்குக்கும் முதல் நாளிலிருந்தே காவல் போடுங்கள். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேருவது பெரும்பாலும் படுக்கைப் புண்ணுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோதான்.

1. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியில் காயத்தின் மட்டம் (முதுகெலும்பில் எந்த இடம் என்பதைக் காட்டும் டி10, எல்1 போன்ற குறி), முழுக் காயமா பகுதிக் காயமா என்ற விவரம் இரண்டும் தெளிவாக இருக்கிறதா என்று வார்டிலேயே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் யூனிட் டாக்டர் மாறியிருப்பார், நாட்கள் ஓடிவிடும்.

அடுத்தது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். சாலை விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். இருக்கும். மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் போலீஸ் பதிவே இருக்காது. “கேஸ் எதற்கு” என்று வீட்டாரே விட்டுவிடுவார்கள். காப்பீட்டுப் பணம் கேட்கும் நாளில் அது விபத்துதான் என்று காட்டக் காகிதம் வேண்டும். உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

எம்.ஆர்.ஐ. படம், அறிக்கை, எல்லா பில்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பில் அச்சு வெயிலில் வெளுத்துவிடும்; அன்றன்றே நகல் எடுங்கள்.

காகிதத்தை விட முக்கியமான ஒன்று: ஆளைப் புரட்டுவதையும் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போடுவதையும் நர்ஸ் முன்னிலையில் உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். பார்த்துக் கற்றது வீட்டில் கை கொடுக்காது.

2. படுக்கையும் வாசற்படியும்

காற்று மாறி மாறி ஏறும் ஏர் பெட் வாங்குங்கள். பனகல் சாலை சர்ஜிக்கல் கடைகளில் நாங்கள் விசாரித்தபோது 2,500 முதல் 5,000 ரூபாய் வரை சொன்னார்கள். மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மின்தடை நேரத்தில் ஆளைப் புரட்டுவது ஒன்றே வழி. ஏர் பெட் இருந்தாலும் புரட்டாமல் விடக்கூடாது.

வாசலில் சாய்தளம் கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இடம் இல்லை என்று நான்கடியில் முடித்துவிடுவார். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் குப்புறத் தள்ளும். திண்ணை வைத்த பழைய வீடுகளில் முன்வாசலை விடப் பின்வாசல் தோதாக இருக்கும். குளியலறைக் கதவை இடிக்க வேண்டாம்; கழற்றிவிட்டுத் திரை போட்டாலே இரண்டு அங்குலம் கிடைக்கும்.

3. தோல்: இதில் விட்டால் மற்ற எல்லாம் வீண்

உணர்வில்லாத இடத்தில் வலி எச்சரிக்காது. அந்த வேலையை உங்கள் கண்தான் செய்ய வேண்டும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும். வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டி நேரத்தோடு குறியுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கும்படி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்பியோ, முன்பக்கம் நன்றாகச் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்துக்கு ஓய்வு தர வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

காலையும் இரவும் தோலைப் பார்க்க வேண்டும். கைபேசி விளக்கை அடித்து வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பின் இரு பக்கம், கணுக்கால், குதிகால் என்று வரிசையாகப் பாருங்கள். தம்பி இப்போது கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே பார்த்துவிடுகிறான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. நம்மைப் போல் கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது; பக்கத்துத் தோலை விடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலம் பாரித்தோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தின் மேல் படுக்கவோ உட்காரவோ விடாதீர்கள், நிறம் திரும்பும் வரை.

செய்யக் கூடாதவை: சிவந்த இடத்தைத் தேய்த்து எண்ணெய் விடுவது, நடுவில் ஓட்டை உள்ள வளையம் அல்லது காற்றடைத்த டியூப் மேல் உட்கார வைப்பது (சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும்), வெந்நீர்ப் பையால் ஒத்தடம். சூடான டம்ளரை மடியில் வைப்பதும், வெயிலில் நின்ற சக்கர நாற்காலியில் தொட்டுப் பார்க்காமல் உட்கார வைப்பதும் கொப்புளத்தில் முடியும். தாயத்து கோத்த அரைஞாண் கயிறு, கைலியின் முடிச்சு, கால்சட்டையின் பின்பை என்று நாம் கண்டுகொள்ளாத இடங்களில்தான் அழுத்தம் ஒளிந்திருக்கும். அரைஞாணை அவிழ்க்கச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. தாயத்தைத் தலைமாட்டில் கட்டி முடித்துவைத்தோம்.

4. சிறுநீர்

டிஸ்சார்ஜ் ஆகும்போது பலருக்கும் நிரந்தரக் கதீட்டரோடு யூரின் பை தொங்கும். அதை அப்படியே ஆண்டுக்கணக்கில் விடாமல், நேரத்துக்கு நேரம் போட்டு எடுக்கும் முறைக்கு மாற முடியுமா என்று சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கை நன்றாக இயங்குகிறவர் தானே போட்டுக்கொள்ளலாம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவையில் 400, 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். அளவு கோடு போட்ட குவளை ஒன்றும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவுவதில் சமரசம் கூடாது.

பெரிய பொறி இது: சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து அவரே தண்ணீரைக் குறைத்துவிடுவார். கல்லும் தொற்றும் அதிலிருந்துதான் தொடங்கும். டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே பாட்டிலில் பிடித்து வைத்து, நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். இரவு படுக்கும் முன் குறைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கலங்கிய நாற்றமுள்ள சிறுநீர், கால் துடிப்பு திடீரென்று கூடுவது ஆகியவை தொற்றின் அடையாளம். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்லுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் சோதனையில் கிருமி மட்டும் தெரிந்தால் பொதுவாக மருந்து தேவைப்படாது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்கினால் பிறகு எந்த மருந்தும் கேட்காமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையும் அவசியம்.

5. மலம்

தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரே நேரம். சாப்பிட்ட இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் கையுறை போட்ட விரலால் தூண்டுவதும் டாக்டர் சொல்லிக்கொடுத்த முறையில். முடிந்தவர்களைக் கமோட் நாற்காலியில் உட்கார வையுங்கள். முதல் சில வாரம் குழப்பமாகத்தான் இருக்கும். குடல் பழக நாளாகும். மூன்றாம் நாளே முறையை மாற்றாதீர்கள்.

6. திடீர்த் தலைவலியும் மதுரை வெயிலும்

டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும். மண்டை இடிப்பது போன்ற தலைவலி, முகம் சிவப்பு, காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை, ரத்த அழுத்தம் திடீர் உயர்வு. காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று உடம்பு கத்துகிறது. படுக்க வைக்கவே கூடாது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். கதீட்டர் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். பிறகு மலம், புண், நகம் உள்வளர்வது. காரணத்தை நீக்கியும் அடங்காவிட்டால் உடனே 108.

இவர்களுக்குச் சாதாரண நாளில் அழுத்தம் 90, 100 என்று குறைவாகவே இருக்கும். 140 என்பதைப் பார்த்து “கொஞ்சம்தான் கூடியிருக்கிறது” என்று சிறிய மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிடலாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. வழக்கமான அழுத்தம், காயத்தின் மட்டம், “நிமிர்த்தி உட்கார வைக்கவும்” என்ற வரி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து நாற்காலியில் மாட்டிவிடுங்கள்.

மேல்மட்டக் காயத்தில் உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது. அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே உடல் சூடேறிவிடும். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே அழைத்துப் போகாதீர்கள். ஈரத்துண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மின்விசிறி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

7. பயிற்சி, மாத்திரை, “நடக்க வைக்கிறேன்” என்பவர்கள்

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்குத் தனியாரிடம் மாதச் செலவு கடிக்கும். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இலவசம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கொடுத்துப் பெயர் பதியச் சொல்லுங்கள்.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனை. தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோபென் தீர்ந்துபோனால் “நாளைக்கு வாங்கலாம்” என்று விடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பார் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி முதுகுத்தண்டு காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அன்று. பதிவு செய்த ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வுக்குப் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். காலை முறுக்கி இழுக்கும் வைத்தியமும் வேண்டாம். அசையாத காலின் எலும்பு மெலிந்திருக்கும், முறிந்தாலும் அவருக்கு வலிக்காது.

8. மறுவாழ்வுப் பயிற்சி மையம்

அறுவைக்குப் பின் சில வாரமாவது இதற்கென்றே உள்ள இடத்தில் தங்கிப் பழகினால் பல மாதப் பாடு மிச்சம். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, தானே கதீட்டர் போடுவது, சமைப்பது வரை அங்கே கற்றுத்தருவார்கள். நம் பக்கத்துக்கு அருகில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனே கழுத்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு பாகாயத்தில் உள்ளது; சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. எல்லாவற்றிலும் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் என்பதால் வார்டில் இருக்கும்போதே தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஆறாத புண் இருந்தால் முதலில் அதற்கே நாள் போய்விடும். மூன்றாம் எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.

9. அட்டையும் உதவித்தொகையும்

முதலில் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது. இ-சேவை மையத்திலோ ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலோ ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்களோடு விண்ணப்பிக்கலாம். பிறகு பெரியாஸ்பத்திரி எனப்படும் அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ சிறப்பு முகாமிலோ மருத்துவக் குழு பார்த்து ஊனத்தின் சதவீதத்தை எழுதும். எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதன் பின் வண்டி பேசுங்கள். படுத்த நிலையில் உள்ளவரை ஆம்புலன்சில் வீணாக அலைக்கழித்தால் செலவும் புண்ணும்தான் மிச்சம். காயம்பட்ட சில மாதங்களுக்குள் போனால் தற்காலிகச் சான்றிதழ் தரக்கூடும். அதன் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து, முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

அட்டை வந்ததும் அதே அலுவலகத்தில் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு 2023-இல் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இதுவும் சேர்ந்து கிடைக்காது; எது கூடுதலோ அதை எடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். முதலெழுத்து மாறியதாலேயே திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஏராளம். மின்கலச் சக்கர நாற்காலி, பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கும் இங்கேதான் மனு. எந்த மனுவானாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். நகரவில்லை என்றால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு கொடுங்கள்.

இலவச நாற்காலி பெரும்பாலும் ஒரே அளவில் வரும். மெலிந்தவருக்கு அகலம் கூடிவிட்டால் ஒரு பக்கம் சரிந்து உட்காருவார், அந்தப் பக்கம் புண் வரும். இடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் ஓர் அங்குலம் இருந்தால் போதும்.

10. காப்பீடும் இழப்பீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இந்தக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வார்டில் இருக்கும்போதே ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

அடிபட்டவரின் வங்கிக் கணக்கைத் திறந்து, மே, ஜூன் வாக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. இரண்டு கால்களும் நிரந்தரமாகச் செயலிழந்தால் 2 லட்சம் ரூபாய். வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஏ.ஆர். காப்பியும் ஊனச் சான்றும் கேட்பார்கள். தங்களுக்கு இப்படியொரு காப்பீடு இருப்பதே பலருக்குத் தெரியாது.

சாலை விபத்தென்றால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கெடு சட்டத்தில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிற இடைத்தரகர்களிடம் அகப்படாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

11. மனம்

பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பது, அழுவது, எரிந்து விழுவது எல்லாம் முதல் வாரங்களில் இயல்பு. உடம்பில் பாதி போன துக்கம் அது. அதை “தைரியமாக இரு” என்று அடக்காதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, கதீட்டரையும் புரட்டுவதையும் வேண்டாமென்று தள்ளினால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. “நான் இருந்து யாருக்கு லாபம்” என்ற பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: “சாகலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் எண்ணம் வராது, இருப்பதை இறக்கிவைக்க இடம் கிடைக்கும். விவசாய வீடுகளில் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வெளியேற்றுங்கள். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104-உம் அப்படியே. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. நரம்பு எரிச்சல் வலியும் தூக்கமின்மையும் சோர்வைக் கூட்டும் என்பதால் வலியைத் தனியாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளோடு மது சேரக் கூடாது.

பார்க்க வருகிறவர்கள் இன்னொரு சோதனை. “முன்வினை”, “கேரளாவில் ஒருத்தர் இருக்கிறார்”, “எங்கள் ஊரில் இப்படித்தான் ஒருத்தன் கிடந்து போனான்” என்று அவர் காதுபடச் சொல்வார்கள். நேரம் வைத்து, வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். கோபித்துக்கொண்டால் போகட்டும்.

அவர் தலைக்கு மேல் நின்று அவரைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் தேங்காய் வெட்டுக் கூலிக் கணக்கும் வியாபாரியோடு பேரமும் தம்பி கையில்தான். அவன் போடும் விலையில் எனக்கு உடன்பாடு இல்லாத நாட்களும் உண்டு, வாயைத் திறப்பதில்லை.

தாம்பத்தியம், குழந்தை பற்றிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை, டாக்டரும் தானாகச் சொல்வதில்லை. கணவனும் மனைவியுமாகத் தனியாகப் போய்க் கேளுங்கள். ஆண்களுக்கு மருத்துவ வழிகள் இருக்கின்றன. பெண்களுக்குச் சில மாதத்தில் மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கவும் முடியும்.

இரவுப் புரட்டலை ஒரே பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி ஒருவர்; இரண்டு, நான்கு இன்னொருவர். தூக்கும்போது இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையைப் போட்டு இருவர் இழுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முதுகுவலி உங்களுக்கு.

12. வெளியே போவது

சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ரயிலில் துணையின்றிப் பயணிக்க முடியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு யு.டி.ஐ.டி. மட்டும் போதாது, ரயில்வே தரும் தனிச் சலுகை அட்டை வேண்டும். ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, இணையத்தில் ஏற்றலாம்; மதுரைக் கோட்ட அலுவலகத்தின் கீழ் வரும். பெரியாஸ்பத்திரியில் சதவீதச் சான்றுக்குப் போகும் நாளிலேயே அந்தப் படிவத்தையும் கையோடு கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னொரு ஆம்புலன்ஸ் வாடகை மிச்சம்.